கழுதை விட்டைக்கு நாடுவாரிக் கணக்கு

எந்த நாட்டு வயலில், கழுதை எருவிலிருந்து, ஆண்டுக்கு எத்தனை கிலோ நைட்ரஜன் வீணாகிறது என்று யாராவது கணக்கு வைத்திருப்பார்களா? வைத்திருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) பராமரிக்கும் புள்ளிவிவரத் தொகுப்பில் மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, ஒட்டகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரிசை உண்டு. கழுதைக்கும் உண்டு. 1961 முதல் நாடு நாடாக, ஆண்டு ஆண்டாக நீளும் வரிசை அது. கழித்தது எவ்வளவு, மேய்ச்சல் தரையில் விழுந்தது எவ்வளவு, வயலுக்குப் போனது எவ்வளவு, போனதில் காற்றோடு கலந்தது எவ்வளவு, தண்ணீரோடு இறங்கியது எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும்.

பட்டியலை இழப்பின் அளவுப்படி அடுக்கிப் பார்த்தால் எத்தியோப்பியா, சூடான், பாகிஸ்தான், சாட் என்று கழுதை நிறைந்த நாடுகள் முன்னால் வந்து நிற்கும். மேற்கு ஐரோப்பிய நாடுகள் கடைசியில் கிடக்கும். பார்த்தவுடன் ஒரு முடிவுக்கு வரத் தோன்றும்: அங்கே எருவைப் பேணத் தெரியவில்லை, இங்கே தெரிந்திருக்கிறது. பட்டியல் அப்படி எதையும் சொல்லவில்லை. சொல்லவும் அதனால் முடியாது. ஏன் என்று புரிய வேண்டுமானால், விட்டையிலிருந்து தொடங்கி அந்த எண் பிறக்கும் இடம்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

கழுதை தின்னும் வைக்கோலிலும் தட்டையிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது. உடம்புக்குப் போக மிஞ்சிய நைட்ரஜன் இரண்டு வழியாக வெளியேறுகிறது. விட்டையில் இருப்பது செரிக்காத நாரோடும் குடல் நுண்ணுயிர்களோடும் பிணைந்தது. மண்ணில் கிடந்து மட்கி, மாதக்கணக்கில் மெதுவாகத்தான் விடுபடும். மூத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் யூரியா. உரக்கடையில் மூட்டையாக வாங்குகிற அதே வேதிப்பொருள்தான். விட்டையிலும் மண்ணிலும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பட்டதும் யூரியா ஓரிரு நாளில் உடைந்து அம்மோனியமாகிறது. லாயத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடி அங்கிருந்து கிளம்பும் அம்மோனியாதான். வெயில் கடுமையாக இருந்து, காற்றும் வீசி, மண்ணும் காரத்தன்மை கொண்டதாக இருந்தால் அது விரைந்து பறந்துவிடும். எருவைக் கொட்டிய அன்றே மண்ணோடு கலந்து உழுதுவிட்டால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

பறக்காமல் மண்ணில் தங்கிய அம்மோனியத்தை வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பயிர் விரும்பி எடுப்பது இதைத்தான். ஆனால் நைட்ரேட்டை மண்துகள் பிடித்து வைத்துக்கொள்ளாது. நல்ல மழையோ பாசனமோ வந்தால் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கி, கிணற்றுக்கும் ஓடைக்கும் போய்ச் சேரும். இவை இரண்டும்தான் பட்டியலில் வரும் இழப்புகள்: ஆவியாகிப் போவது ஒன்று, வடிந்து போவது இன்னொன்று. இவற்றின் ஊடே மிகச் சிறிய அளவு நைட்ரஜன், நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாறுகிறது. நூறு ஆண்டு அளவில் பார்த்தால் கார்பன் டைஆக்சைடைவிட எடைக்கு எடை சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. கழுதை விட்டை உலகப் பட்டியலில் இடம் பிடித்ததற்கு உண்மையான காரணமும் அந்த வாயுதான். பருவநிலைக் கணக்கு கேட்கிறது என்பதால்தான் இந்த வரிசையே இருக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். எத்தியோப்பியாவில் யாரும் கழுதைக்குப் பின்னால் சாக்குப் பையோடு நடந்து எடை போடவில்லை. எங்கேயும் அப்படி நடக்கவில்லை. கணக்கு ஒரு சூத்திரத்திலிருந்து வருகிறது. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு (ஐ.பி.சி.சி.) 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளில் அது இருக்கிறது. சொந்த அளவீடு இல்லாத நாடும் ஏதோ ஒரு எண்ணைத் தர வேண்டும் என்பதற்காக வகுத்த முதல்படி முறை இது. அதில் ஒரு கழுதையின் எடை 130 கிலோ. எந்த நாட்டுக் கழுதையானாலும் 130 கிலோதான். ஆயிரம் கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ நைட்ரஜன் கழியும் என்பதற்கு வட்டாரவாரியாக ஓர் அட்டவணை இருக்கிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, மத்தியக் கிழக்கு, லத்தீன் அமெரிக்கா நான்கிற்கும் 0.46. வட அமெரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் 0.30. மேற்கு ஐரோப்பாவுக்கு 0.26.

பெருக்கிப் பார்த்தால் ஓர் ஆப்பிரிக்கக் கழுதை நாளொன்றுக்கு 60 கிராம், ஆண்டுக்கு 21.8 கிலோ நைட்ரஜனைக் கழிக்கிறது. இந்தியாவில் விற்கும் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் நைட்ரஜன் 20.7 கிலோ. ஆக, கழுதை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு மூட்டை யூரியா என்று வைத்துக்கொள்ளலாம். அதே கழுதையைக் கப்பலேற்றி பிரான்ஸில் இறக்கிவிட்டால் அது 12.3 கிலோதான் கழிக்கும். கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை, அட்டவணையில் வரிசை மாறியிருக்கிறது.

இந்த 0.46 விசித்திரமானது. அட்டவணையில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் கழுதைக்கும் ஒரே வரிதான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குடலைப் பொறுத்தவரை கழுதை சின்னக் குதிரை அல்ல. வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுக் கழுதையின் வழி வந்தது அது. புரதம் குறைந்த தீனி கிடைக்கும்போது, இரத்தத்தில் சேரும் யூரியாவை முழுவதும் மூத்திரத்தில் விட்டுவிடாமல் ஒரு பகுதியைக் குடலுக்கே திருப்பி அனுப்பி, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாக்கும் திறன் அதற்கு உண்டு. சோளத்தட்டையைத் தின்று சுமை சுமக்கும் கழுதையிடம் வீணாக்க அதிக நைட்ரஜன் இல்லை. ஐரோப்பாவில் பசும்புல் மேய்ந்து, வேலையின்றிக் கொழுத்து நிற்கும் செல்லக் கழுதை அதைவிடக் கூடுதலாகக் கழிப்பதற்கே வாய்ப்பு அதிகம். அட்டவணையோ நேர் எதிராகச் சொல்கிறது. எடையும் அப்படித்தான். பிரான்ஸின் புவாத்து இனக் கழுதை 350 கிலோவைத் தாண்டும். இந்தியாவில் செங்கல் சுமக்கும் கழுதைகளில் பெரும்பாலானவை நூறு கிலோவை ஒட்டியே நிற்பவை. இரண்டும் சூத்திரத்துக்குள் நுழையும்போது 130 கிலோவாகி விடுகின்றன.

கழித்தது எல்லாம் வயலுக்குப் போவதில்லை. மேய்ச்சலில் விழுந்த பங்கை ஒரு வரிசையிலும், கொட்டிலில் சேர்த்து வைத்த பங்கை இன்னொரு வரிசையிலும் சூத்திரம் பிரித்துவிடுகிறது. சேர்த்து வைத்ததில், குப்பைமேட்டில் கிடக்கும்போதே போய்விடும் பங்கைக் கழிக்கிறது. மிச்சம்தான் விளைநிலத்தில் இட்ட எரு. ‘விளைநிலத்தில் இழப்பு’ என்று பட்டியலில் வருவது இந்த மிச்சத்திலிருந்து போவது மட்டும்தான். மேய்ச்சலில் விழுந்ததன் இழப்பு வேறு வரிசையில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாடுகளை ஒப்பிடுபவர்கள் உண்டு.

வயலுக்கு 10 கிலோ நைட்ரஜன் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 2006 நெறிமுறையின்படி அதில் 20 விழுக்காடு, அதாவது 2 கிலோ ஆவியாகிறது. 30 விழுக்காடு, அதாவது 3 கிலோ வடிகிறது. பாதி போயிற்று. நைட்ரஸ் ஆக்சைடாக மாறுவதையும் கூட்டினால், நேரடியாக 0.1 கிலோ, ஆவியானதிலிருந்து 0.02, வடிந்ததிலிருந்து 0.0225; மொத்தம் ஏறத்தாழ 0.14 கிலோ நைட்ரஜன். இதை வாயுவின் எடைக்கு மாற்றி 273-ஆல் பெருக்கினால் சுமார் 61 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம்.

நாடுவாரிப் பட்டியலில் இந்த 20-உம் 30-உம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். நைஜர் பாலைக்கும் அதே 30, மழை கொட்டும் வங்கதேசத்துக்கும் அதே 30. விகிதம் ஒன்றேயானால் நாட்டுக்கு நாடு வேறுபடுவது எது? கழுதைகளின் எண்ணிக்கையும், அந்த நாடு அட்டவணையில் எந்த வட்டாரத்தில் விழுகிறது என்பதும்தான். ஒரே வட்டாரத்து இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை ஒன்றே மிஞ்சும். இழப்பை இட்ட எருவால் வகுத்தால் எத்தியோப்பியாவுக்கும் 50 விழுக்காடு வரும், ஜெர்மனிக்கும் 50 விழுக்காடு வரும். எருவைப் பேணும் திறமை கணக்குக்குள் நுழையவே வழியில்லை.

நெறிமுறை எழுதியவர்கள் இதை மறைக்கவும் இல்லை. ஆவியாதலுக்கு 20 என்று எழுதிய அதே இடத்தில் அது 5 முதல் 50 வரை இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வடிதலுக்கு 10 முதல் 80 வரை. நம் 10 கிலோவில் வடிந்தது ஒரு கிலோவாகவும் இருக்கலாம், எட்டு கிலோவாகவும் இருக்கலாம். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்கள்: மழைக்காலத்தில் மண் பிடித்து வைக்கும் அளவைத் தாண்டி நீர் சேரும் இடத்திலோ, பாசனம் நடக்கும் இடத்திலோதான் வடிதல் கணக்கில் வரும். மற்ற இடங்களில் அது பூஜ்யம். சொட்டுநீர்ப் பாசனமும் கணக்கில் வராது. 2019-இல் வந்த திருத்தம் 30-ஐ 24-ஆகக் குறைத்தது, ஈரமான பகுதிகளுக்கு மட்டும் என்று அழுத்திச் சொன்னது. பட்டியலில் ஏறும்போது அந்த வீச்சும் நிபந்தனையும் உதிர்ந்து, ஒற்றை எண் மட்டும் நிற்கிறது.

நிலத்தில் இறங்கிப் பார்த்தால் இரண்டு அண்டை நாடுகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்று தெரியும். எகிப்தில் மழை பெயருக்குத்தான். ஆனால் நைல் கரையோர வயல்கள் முழுக்கப் பாசனத்தில் நடப்பவை, அதனால் வடிதல் உண்டு. மண் காரமானது, வெயில் கடுமை, அதனால் அம்மோனியாவும் பறக்கும். அதற்கு அங்குள்ள விவசாயிகள் வெகுகாலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொட்டிலில் கால்நடைகளின் காலடியில் உலர்ந்த மண்ணைப் பரப்புவார்கள். மூத்திரத்தை அந்த மண் உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய மண்ணை வாரிக் கழுதை மேலேயே ஏற்றி வயலுக்கு அனுப்புவார்கள். மிகவும் சுலபமாக ஓடிப்போகும் பகுதியைப் பிடித்து வைக்கும் இந்த வேலை சூத்திரத்தின் எந்த உறுப்பிலும் இல்லை. பக்கத்தில் சூடானின் வறண்ட மாவட்டங்களில் வடிவதற்குத் தண்ணீரே இல்லை. நிபந்தனையைப் பின்பற்றினால் அங்கே 10 கிலோவில் போவது 2 கிலோ. எகிப்தில் 5 கிலோ. பட்டியலின்படி இரண்டுக்கும் ஐந்தே.

சகாரா பாலையின் தென்விளிம்பில் இருக்கும் புர்கினா ஃபாசோவில் ‘ஸாய்’ என்றொரு முறை உண்டு. இறுகிப் பாறையாகிவிட்ட நிலத்தில், கோடை முடிவதற்குள் சிறு சிறு குழிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓரிரு கை எரு போட்டு மூடி வைப்பார்கள். கரையான்கள் எருவைத் தேடி வந்து மண்ணைத் துளைக்கும். முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கும். குழிக்குள்ளேயே கம்போ சோளமோ முளைக்கும். இதை மேம்படுத்திப் பரப்பியதற்காக யாகூபா சவடோகோ என்ற விவசாயிக்கு 2018-இல் சுவீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. 2023-இல் அவர் காலமானார். எரு மண்ணுக்கடியில், வேருக்கு நேர் கீழே இருப்பதால் பறப்பதற்கும் ஓடுவதற்கும் இடம் குறைவு. அந்த எருவை வயலுக்கு இழுத்து வருவதும் பெரும்பாலும் கழுதை வண்டிதான். எருவின் இழப்பில் கழுதையின் பங்கை எழுதுகிற பட்டியல், எருவைக் காப்பாற்றுவதில் அதன் பங்கை எழுதுவதில்லை.

இன்னொரு பக்கம், வயலையே காணாத விட்டையும் இருக்கிறது. கழுதை வேலை செய்யும் பிராணி, பகலில் கொட்டிலில் நிற்காது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் மெர்காட்டோ சந்தைக்குத் தானியம் சுமந்து வரும் கழுதை வழியெல்லாம் போட்டுக்கொண்டே வரும். உத்தரப் பிரதேசத்துச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் கழுதையின் விட்டை சூளைப் புழுதியில் கிடந்து மிதிபடும். கென்யாவின் லாமு தீவு நகரத்தில் சந்துகள் குறுகல், பாரம் தூக்கக் கழுதையை விட்டால் வேறு வழியில்லை. அங்கே விழுவது கல்தளத்தில்தான். சூத்திரத்துக்குச் சாலையும் சூளையும் தெரியாது. மேய்ச்சல் அல்லது குப்பைமேடு, இரண்டில் ஒன்றில் போட்டுவிடும்.

சரி, எல்லாம் எண்ணிக்கையில்தான் நிற்கிறது என்றால், எண்ணிக்கையாவது உறுதியானதா? பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் பொருளாதார ஆய்வறிக்கை வரும்போதெல்லாம் கழுதைகள் ஒரு லட்சம் கூடிவிட்டன என்று செய்தி வரும், சமூக ஊடகங்களில் கேலி நடக்கும். 2019-20-இல் 55 லட்சம், அடுத்த ஆண்டு 56, பிறகு 57, 58, 2023-24-இல் 59. இவ்வளவு ஒழுங்காக எந்தப் பிராணியும் பெருகாது. 1996-லும் 2006-லும் நடந்த கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட வளர்ச்சி வீதத்தை வைத்து ஆண்டுதோறும் நீட்டிப் போட்ட மதிப்பீடு அது. கழுதை ஒன்றுக்கு 21.8 கிலோ என்று பெருக்கினால், ஆண்டுக்கு 2,180 டன் நைட்ரஜன் காகிதத்திலேயே கூடுகிறது.

மெக்சிகோவில் கதை வேறு. பன்னாட்டுத் தொகுப்பில் அந்நாட்டுக் கழுதைகள் நீண்ட காலமாக 32 லட்சத்தை ஒட்டியே நின்றன. அந்நாட்டின் சொந்த வேளாண் கணக்கெடுப்பு 2007-இல் கண்டதோ சில லட்சங்கள்தான். கழுதை போய் டிராக்டரும் சரக்கு வண்டியும் வந்த பிறகும் பழைய எண் தொடர்ந்தது. அதனால் மெக்சிகோவின் இழப்பு பல மடங்கு ஊதித் தெரிந்தது.

எண்ணிக்கை ஓரளவு நம்பத்தக்கதாக இருக்கும் இடத்திலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சீனாவில் 1990-களின் தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் கழுதைகள் இருந்தன. இப்போது அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பட்டியலில் சீனாவின் கழுதை எரு இழப்பு சரசரவென்று இறங்கியிருக்கும். எருப் பராமரிப்பு மேம்பட்டு வந்த இறக்கம் இல்லை அது. இயந்திரங்கள் வந்து கழுதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தோலைக் காய்ச்சி எடுக்கும் ‘எஜியாவ்’ என்ற மருந்துப் பிசினுக்குக் கிராக்கி ஏறியதில் இருந்தவையும் வெட்டுக்குப் போயின. உள்நாட்டில் போதாமல் வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போக, அங்கே ஏழைக் குடும்பங்களின் கழுதைகள் திருட்டுப் போகத் தொடங்கின. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை வெட்டுவதற்கு 15 ஆண்டுத் தடை விதித்தது. தடை நன்றாகச் செயல்பட்டால் ஆப்பிரிக்காவின் ‘நைட்ரஜன் இழப்பு’ பட்டியலில் உயரும். அப்போது அதைக் கெட்ட செய்தியாகப் படித்துவிடக் கூடாது.

இந்தியாவிலும் இறக்கம்தான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019-இல் 1.2 லட்சமாகிவிட்டன. ஏழே ஆண்டில் 61 விழுக்காடு போயிற்று. அந்தக் கழுதைகள் வயலுக்குத் தந்த கொஞ்ச நைட்ரஜனும் போயிற்று. அந்த இடத்தை யூரியா நிரப்பியிருந்தால், அதிலிருந்து பறப்பதும் வடிவதும் செயற்கை உரம் என்ற வேறு தலைப்பின் கீழ் ஏறியிருக்கும்.

அப்படியானால் நாடுகளை ஒப்பிடவே முடியாதா? சிலவற்றுக்கு முடியும். ஒரு நாட்டில் கழுதையிலிருந்து வரும் நைட்ரஜனையும் மாட்டிலிருந்து வருவதையும் பக்கத்தில் வைத்து, எது எவ்வளவு பெரிது என்று பார்க்கலாம். உலகில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட கழுதைகள் இருக்கின்றன. அவை கழிப்பது, எல்லாக் கால்நடைகளும் சேர்ந்து கழிப்பதில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பட்டியல் போதும். எத்தியோப்பியாவின் ஏறத்தாழ ஒரு கோடிக் கழுதைகள் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்ற அளவில் நைட்ரஜனைச் சுழற்சியில் விடுகின்றன, அதன் ஒரு பகுதியைக் காப்பாற்றினாலும் உரம் வாங்கக் காசில்லாத குடும்பங்களுக்கு உதவும் என்று ஒரு குத்துமதிப்பும் கிடைக்கும். எந்த நாட்டு விவசாயி மேல் என்று தீர்ப்புச் சொல்லத்தான் அது உதவாது. அதற்கு வேறு தகவல்கள் வேண்டும்: அந்த ஊர்க் கழுதையின் எடை, தீனியில் உள்ள புரதம், இரவில் கொட்டிலில் நிற்கும் மணிநேரம், படுக்கையில் வைக்கோலா மண்ணா, எரு எத்தனை நாள் வெயிலில் கிடக்கிறது, கொட்டிய பிறகு எப்போது உழுகிறார்கள், அந்தப் பருவத்தில் மழை எவ்வளவு.

இவற்றை அளந்து சொந்த எண்களோடு கணக்குப் போடும் இரண்டாம்படி முறையும் அதே நெறிமுறையில் இருக்கிறது. நாட்டின் மொத்த உமிழ்வில் கணிசமான பங்கு வகிக்கும் இனங்களுக்கு அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பல நாடுகள் கறவை மாட்டுக்கு அந்தச் செலவைச் செய்கின்றன. நூற்றில் ஒரு பங்கு மட்டுமே வரும் கழுதைக்குச் செய்ய அரசுகளுக்கு எளிதில் மனம் வருவதில்லை.